முதல் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போவது எப்படி

குடியை விட நினைக்கிறவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டத்துக்கு நான் முதன்முதலில் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். இணையத்தில் எங்கோ கிடைத்த முகவரியை சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிக்கொண்டு, அம்பத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் நின்றால், சர்ச் காம்பவுண்டு கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "அவங்க சனிக்கிழமைல வருவாங்க சார். செவ்வாய்க்கிழமைய நிறுத்தி ரொம்ப நாளாச்சே" என்றார். திரும்பி வரும் வழியில் கடை திறந்திருந்தது. அந்தக் கேட்டுக்கு நான் மறுபடி போக 11 மாதம் ஆனது.

குடியை விட வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு மனசு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் அவனைப் பூட்டிய கேட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அதனால் என் முதல் யோசனை: முகவரியைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். போனை எடுக்கும் ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் அவர் சொல்வார். ஆளை எப்படிப் பிடிப்பது, பிடித்த பிறகு என்ன கேட்பது, உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சென்னையை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்களிலும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது. இருவரும் குடிநோயாளிகள். ஒரு குடிநோயாளி இன்னொருவரிடம் தன் கதையைச் சொல்லும்போது சொல்கிறவருக்கும் குடிக்கிற ஆசை அடங்குகிறது என்று கண்டுகொண்டார்கள். இன்றைக்கும் கூட்டத்தில் நடப்பது அதுதான். கட்டணம் கிடையாது. பதிவேடு, ஆதார் கார்டு எதுவும் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினர் ஆவதற்குத் தகுதி. நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை.

போன் பண்ணுவதற்கு முன்னால் ஒன்று

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? அதை அடக்க ஒரு கட்டிங் போட்டால்தான் பல் தேய்க்கவே முடிகிறதா? அப்படியானால் தயவுசெய்து "இன்றைக்கே நிறுத்துகிறேன்" என்று வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம்.

வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலர் நிலை தடுமாறிப்போவார்கள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், செத்துப்போன அப்பா வாசலில் நிற்கிறார் என்பார்கள், எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியாது. வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போன கதைகளும் உண்டு. அது உயிருக்கே ஆபத்தான கட்டம். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துப் படிப்படியாக இறக்கினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

நம் ஊரில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. தெருமுனை கிளினிக்கில் போய் "ஒரு குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெளிஞ்சிடும்" என்று படுத்துக்கொள்வது. குடிக்கிறவர் உடம்பில் பி1 வைட்டமின் ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் அபாயம் உண்டு. எந்த டாக்டரிடம் போனாலும் எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். ஒரு குவார்ட்டர் என்று பாதியாகக் குறைத்துச் சொன்னால் மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கும். குடிநோய் சிகிச்சை அங்கேதான். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது அது. அங்கே குடும்பத்தாருக்கும் தனி வகுப்பு உண்டு.

ஆளைப் பிடிப்பது

ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச்சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் தொடங்கலாம். அங்கே நீங்கள் எடுக்க வேண்டியது தொடர்பு எண்ணை. கூட்டப் பட்டியலைப் பார்த்துவிட்டு நேராகக் கிளம்பிவிடாதீர்கள். இடம் கொடுத்தவர் ஹாலைப் பூசி வெள்ளையடிப்பார், பள்ளியில் பரீட்சை வரும், குழுவே வேறு தெருவுக்கு மாறியிருக்கும். பட்டியல் இதையெல்லாம் உடனே துரத்திப் பிடிப்பதில்லை.

இணையம் ஒத்துவராவிட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய் அங்குள்ள ஆலோசகரிடம் "இங்க பக்கத்துல ஏ.ஏ. மீட்டிங் எங்க நடக்குது?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இதுதான் சுருக்கு வழி. அவர்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு நம்பர் இருக்கும். கூட்டங்கள் சர்ச் ஹாலிலோ பள்ளி வகுப்பறையிலோ நடப்பதால், பெரிய சர்ச் அலுவலகத்தில் விசாரித்தாலும் தெரியும். இடம் சர்ச்சுடையது, அவ்வளவுதான். யாரும் உங்களை மதம் மாற்றப் போவதில்லை.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, நள்ளிரவிலும் எடுப்பார்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும் கேட்கலாம். இவை ஏ.ஏ. எண்கள் இல்லை. ஆனாலும் எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் 14416தான்.

சரி, ஏ.ஏ. நம்பர் கிடைத்துவிட்டது. போட்டால் எடுக்கவில்லை. மனசு உடனே "பார்த்தியா, எவனும் எடுக்க மாட்டான்" என்று சொல்லும். சொல்லட்டும். அந்த முனையில் இருப்பவர் சம்பளம் வாங்கும் அலுவலர் கிடையாது. அவரும் குடித்துக் கிடந்து எழுந்தவர்தான். பகலில் ஆட்டோ ஓட்டுவார், பேங்கில் இருப்பார், லேத் பட்டறையில் மெஷின் சத்தத்தில் நிற்பார். "குடி விஷயமாகப் பேசணும், கூப்பிடுங்க" என்று ஒரு வாட்ஸாப் செய்தி போட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடி முயற்சி செய்யுங்கள்.

நான் இரண்டாம் முறை போன் செய்தபோது என்ன சொல்வதென்று தெரியாமல், "என் ஃபிரண்டு ஒருத்தன் ரொம்பக் குடிக்கிறான் சார்" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி.

"உங்க ஃபிரண்டு இன்னைக்குக் குடிச்சிருக்காரா?"

"இல்ல சார். இன்னும் இல்ல."

"நல்லது. அவரை சனிக்கிழமை ஆறரைக்குக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் வாங்க. நீங்க என்ன கலர் சட்டை போட்டு வருவீங்க?"

சட்டைக் கலரைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரும் என்றைக்கோ ஒரு ஃபிரண்டுக்காகத்தான் போன் பண்ணியிருப்பார்.

நீங்கள் இந்தச் சுற்றுவழியெல்லாம் போக வேண்டியதில்லை. பெயர் சொல்ல வேண்டாம். "குடியை நிறுத்த முடியல, மீட்டிங்குக்கு வரணும்" என்றால் போதும். பிறகு கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த வாரம் கூட்டம் கண்டிப்பாக இருக்கிறதா? தமிழிலா, ஆங்கிலத்திலா? சென்னையில் இரண்டும் உண்டு. ஆங்கிலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு பாதி புரியாமல் எழுந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் கூட்டமா, யாரும் வரலாமா? மனைவியையோ அண்ணனையோ துணைக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் இதை அவசியம் கேளுங்கள். முதல் வகைக்கு அவர்களை உள்ளே விடமாட்டார்கள். கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது: "கேட் பக்கத்துல யாராவது நிப்பீங்களா?" கேட்க வெட்கமாக இருக்கும். கேளுங்கள். பஸ்ஸில் 20 கிலோமீட்டர் வந்துவிடலாம். கேட்டிலிருந்து ஹால் வாசல் வரைக்கும் உள்ள 20 அடிதான் பாடு.

பக்கத்திலா, தூரத்திலா

தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் ஒரு செருப்போடு நான் படுத்துக் கிடந்ததைப் பார்க்காதவர்கள் எங்கள் தெருவிலேயே குறைவு. அப்போது வராத வெட்கம், சட்டையை இன் பண்ணிக்கொண்டு சர்ச் வாசலில் நிற்கும்போது வந்தது. தூரத்துக் கூட்டத்துக்குத்தான் முதலில் போவேன் என்றால் போங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குழுவுக்கு மாறிவிடுங்கள். மழை பெய்தாலும் போகக்கூடிய தூரத்தில் இருந்தால்தான் தொடர்ந்து போவீர்கள். கூட்டத்தில் யாரைப் பார்த்தேன், என்ன கேட்டேன் என்பதை வெளியே பேசுவதில்லை என்பது அங்கே எழுதி வைத்திருக்கும் வழக்கம். அதோடு, அங்கே உங்களைப் பார்க்கிறவரும் அங்கேதானே இருக்கிறார்.

அன்றைய சாயங்காலம்

டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. கூட்டங்கள் பெரும்பாலும் சாயங்காலம். அதாவது போகும்போதும் கடை திறந்திருக்கும், வரும்போதும் திறந்திருக்கும். போகும் பாதையை முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். கடை இருக்கும் தெரு சுருக்கு வழியாகவே இருந்தாலும் வேண்டாம், சுற்றிப் போங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, அப்புறம் கிளம்பலாம் என்று நினைத்தால் கிளம்ப மாட்டீர்கள். நேராகப் போங்கள். போவதற்கு முன் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். வெறும் வயிறுதான் கடைக்கு முதல் வழிகாட்டி. பர்ஸில் டிக்கெட்டுக்கும் டீக்கும் மட்டும் காசு இருந்தால் போதும்.

அன்றைக்குக் குடித்துத் தொலைத்துவிட்டால்? அப்போதும் போகலாம். கலாட்டா பண்ணாமல் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். அன்றைக்குப் பேச வேண்டாம் என்று சொல்வார்கள், அவ்வளவுதான். வண்டி மட்டும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

உள்ளே

நான் சொற்பொழிவு மேடையையும் மைக்கையும் எதிர்பார்த்துப் போனேன். இருந்தது பிளாஸ்டிக் நாற்காலிகள் பதினைந்து, ஒரு மர மேஜை, அதன்மேல் நீலத் துணி, அட்டை நைந்துபோன ஒரு தமிழ்ப் புத்தகம். சுவரோரம் "இன்று ஒரு நாள் மட்டும்" என்று எழுதிய அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பேப்பர் கப்பில் டீ வந்தது. என் கை நடுங்கியது. கொடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் அந்தக் கப்பை வாங்கி, பாதி டீயைத் தன் கப்பில் ஊற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். பாதிக் கப் சிந்தாது. நடுங்கும் கையோடு டீ குடித்த ஒருவருக்குத்தான் அது தெரியும்.

ஒருவர் கூட்டத்தை நடத்துவார். ஒரு முன்னுரை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேச மாட்டார்கள். அறிவுரை சொல்ல மாட்டார்கள். வீட்டில் மாமனார் முதல் மேஸ்திரி வரை எல்லோரும் அறிவுரை சொல்லிக் கேட்டுச் சலித்தவனுக்கு இது விநோதமாக இருக்கும். உங்கள் முறை வந்தால் பேசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. "இன்னைக்குக் கேக்க வந்தேன்" என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை.

நடுவில் ஒரு பை சுற்றி வரும். ஹால் வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடும் காசு அது. ஏ.ஏ. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. முதல் நாள் வந்தவர் போட வேண்டியதே இல்லை. பையைப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடுங்கள்.

கடைசியில் எழுந்து நின்று ஒரு சிறு பிரார்த்தனை சொல்வார்கள். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் சிலவற்றிலும் கடவுள் என்ற சொல் வரும். இங்கேதான் பலர் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் குழுவில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார். பிரார்த்தனை நேரத்தில் வாயைத் திறக்க மாட்டார். கேட்டால், "என்னைவிடப் பெரிய சக்தி ஒண்ணு வேணும்னுதானே சொல்றாங்க? இந்தப் பதினைஞ்சு நாற்காலி எனக்குப் போதும்" என்பார். அவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். வாசலில் டீக்கடையில் நிற்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் நம்பர்கள் கிடைக்கும். இரண்டு மூன்று பேருடைய நம்பரை வாங்கிப் போனில் பதிந்துகொள்ளுங்கள். முதல் கிளாஸுக்கு முன்னால் கூப்பிடுவதற்குத்தான் அந்த நம்பர். குடித்த பிறகு போன் போட்டு அழுவதை எல்லோரும் செய்திருக்கிறோம், பயனில்லை. வழிகாட்டியாக ஒருவரைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் அப்புறம், சில வாரம் எல்லோரையும் கவனித்துவிட்டுச் செய்யலாம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள். ஒன்றில் ஒரே ஆள் அரை மணி பேசுவார். இன்னொன்றில் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். ஐந்தாறு கூட்டம் பார்க்காமல் "இது எனக்குச் சரிப்படாது" என்று முடிவு கட்ட வேண்டாம்.

பெண்களுக்கு

குடிநோய் உள்ள பெண்கள் நம் ஊரில் கூட்டத்துக்கு வருவது இன்னும் கடினம். பதினைந்து ஆண்கள் உள்ள அறைக்குள் தனியாக நுழையச் சொல்வது நியாயமில்லை. போன் செய்யும்போதே "பெண் உறுப்பினர் யாராவது பேச முடியுமா?" என்று கேளுங்கள். பெண்கள் மட்டும் சேரும் இணையவழிக் கூட்டங்கள் உண்டு. கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். உங்கள் ஊரில் குழுவே இல்லையென்றால் ஆண்களுக்கும் இணையவழிக் கூட்டம்தான் முதல் வழி. அப்புறம் உங்களைப் போல இன்னும் ஓரிருவர் கிடைத்துவிட்டால் நீங்களே ஒரு குழு. ஏ.ஏ. விதிப்படி, குடியை விடுவதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே அது குழுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

உங்கள் கணவரையோ மகனையோ இழுத்துக்கொண்டு போய் உட்கார வைக்க முடியாது. ஆனால் நீங்கள் போகலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழுக்கள் 1951 முதல் இருக்கின்றன. அதே மாதிரிக் கூட்டம், அதே மாதிரி இலவசம். அவர் குடித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் போகலாம்.

இரண்டு விஷயங்களைச் செய்யாதீர்கள். "குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்" என்று சுவரிலும் பஸ்ஸிலும் விளம்பரம் ஒட்டுகிறார்களே, அந்தப் பொடியை வாங்கிச் சாம்பாரில் கலக்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டாக்டர்கள் எழுதித்தரும் டைசல்ஃபிராம் மாத்திரையையும் தெரியாமல் கொடுக்கக் கூடாது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

இன்னொன்று, ராத்திரியில் வேன் அனுப்பிக் கை காலைக் கட்டித் தூக்கிப்போகும் மறுவாழ்வு மையங்கள். மையத்தில் சேர்ப்பது தப்பில்லை, பலருக்கு அது தேவைதான். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடிநோய் சிகிச்சைக்கும் பொருந்தும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம், போனில் பேச விடுவீர்களா என்று கேளுங்கள். "மூணு மாசத்துக்கு இந்தப் பக்கமே வராதீங்க" என்றால் அங்கே விடாதீர்கள். என் மைத்துனன் அப்படி ஓரிடத்தில் 40 நாள் இருந்துவிட்டு முதுகில் தழும்போடு வந்தான். வந்த அன்றே குடித்தான்.

அடுத்த வாரம்

நம் ஊர்க்காரர்களுக்குக் குடியை நிறுத்தத் தெரியாது என்று சொல்ல முடியாது. கார்த்திகையில் மாலை போட்டால் 41 நாள் சரக்கு வாசனைகூடப் பிடிக்காத ஆட்கள் நாம். மாலையைக் கழற்றிய அன்றைக்கு என்ன ஆகிறது என்பதுதான் கதை. நான் ஆறு தடவை மலைக்குப் போயிருக்கிறேன். ஆறு தடவையும் இறங்கி வந்து குடித்திருக்கிறேன். விரதத்துக்கு முடிவுத் தேதி இருந்தது, அதை மனசு எண்ணிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் தேதி கிடையாது. இன்றைக்கு ஒரு நாள், அப்புறம் அடுத்த கூட்டம். முதல் மூன்று மாதம் எத்தனை கூட்டம் முடியுமோ அத்தனைக்கும் போங்கள். ஒரு குழு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் நடத்தும் என்றால், மற்ற நாட்களில் வேறு குழு, அதுவும் இல்லாவிட்டால் இணையவழி.

நடுவில் விழுந்துவிட்டால், உடனே போன் பண்ணுங்கள். என்னுடைய நான்காவது வாரத்தில் ஒரு கல்யாண வீட்டில் விழுந்தேன். மறுநாள் காலை, நாக்கு ஒட்டிக்கொள்ள, சட்டைக் கலர் கேட்ட அந்த ஆளுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நேத்து குடிச்சிட்டேன்."

"சரி. சாப்பிட்டியா?"

"இல்லண்ணே."

"மொதல்ல எதையாவது சாப்பிடு. சாயங்காலம் அஞ்சரைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். வீடு எங்க, லேண்ட்மார்க் சொல்லு."